வில்சன் ஆற்றுக் குளிர்கால ஸ்டீல்ஹெட்: இரையை நாமே சேகரிக்கலாமா?

புதுத்தூண்டில் (ஹில்ஸ்பரோ, ஒரிகன்) · டிசம்பர் 4

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாக இலையுதிர் காலத்தில் சால்மனுக்குப் போய் வருகிறேன். இந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாக, கடலிலிருந்து ஆறேறி வரும் ஸ்டீல்ஹெட் மீனைத் தேடி வில்சன் ஆற்றில் இறங்கப் போகிறேன். ஆறாம் எண் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. விடுப்பு எடுக்காமலே ஒரு காலைப் பொழுதை அங்கே கழித்துவிட்டு வரலாம்.

என் கேள்வி இரையைப் பற்றியது. கடையில் டப்பாவில் விற்கிற மணல் இறாலைச் சென்ற வாரம் வாங்கினேன். பாதி கறுத்துக் கிடந்தது. விலையோ நாம் குழம்பு வைக்கிற இறாலின் விலையை எட்டிக்கொண்டிருக்கிறது. நாமே சேகரித்தால் என்ன என்று தோன்றியது. நவம்பரில் பிடித்த கோஹோ சால்மனின் சினை உறைபெட்டியில் இருக்கிறது. டிலமுக் விரிகுடாச் சேற்றில் இறால் எடுக்கலாம் என்கிறார்கள். போதாததற்கு, ஆற்றுக் கற்களைப் புரட்டினால் ஸ்டோன்ஃபிளை பூச்சியின் இளம்பருவம் ஒட்டிக்கொண்டிருக்கும், அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் கோத்தார்கள் என்று பக்கத்து வீட்டு முதியவர் ஆசை காட்டிவிட்டார். எதில் இறங்கலாம்?

டிலமுக் கிழவர் (ஒரிகன் வடகரை) · டிசம்பர் 4

தம்பி, இரைக்கு முன்னால் ஆற்றின் உயரத்தைப் பாருங்கள். டிலமுக் அருகே வில்சனில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் அளவி இருக்கிறது. உயரத்தை இணையத்தில் எந்த நேரமும் பார்க்கலாம். மழை கொட்டி ஆறு ஏறும்போது கிளம்பினால் பழுப்புத் தண்ணீரை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஏற்றம் அடங்கி, நீர் இறங்கி, ஐந்தடிக்குப் பக்கத்தில் வந்து பச்சை நிறம் காட்டுகிற நாளில் போங்கள். அப்போது மீன் மேலேறும், ஓரத்து நீரோட்டங்களில் தங்கும், கடிக்கும். நீர் மேலும் இறங்கிப் பளிங்காகிவிட்டால் மீன் உங்கள் தொப்பியைப் பார்த்தே ஒளிந்துகொள்ளும்.

இனி இறால். குளிர்காலத்தில் கடல் நன்றாக வற்றுவது இருட்டிய பிறகுதான். கோடையில் விடிகாலையில் வருகிற பெரிய வற்றம் டிசம்பர், ஜனவரியில் மாலைக்கும் முன்னிரவுக்கும் தள்ளிப் போய்விடும். ஆகையால் தலைவிளக்கு, இடுப்புவரை வரும் ரப்பர் காலணி, துணைக்கு ஒரு ஆள், இவை மூன்றும் இல்லாமல் சேற்றில் கால் வைக்காதீர்கள். அட்டவணையைப் பார்த்து, வற்றத்தின் அடிமட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் வாளி நிரம்பவில்லையே என்று பார்க்காமல் கரையேறிவிட வேண்டும். மீன்பிடி உரிமம் வேறு, சிப்பி-நண்டு-இறால் உரிமம் வேறு. இரண்டையும் கையில் வைத்திருங்கள்.

சேற்றின்மேல் சின்னச் சின்ன மணல் மேடுகள் இருக்கும். உச்சியில் ஒரு துளை. அதன்மேல் இறால் பம்பை வைத்து இழுங்கள். குழாய்க்குள் ஒரு பிஸ்டன், மேலே கைப்பிடி, அவ்வளவுதான் கருவி. முதல் இழுப்பில் சேறுதான் வரும். அதே துளையில் இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் இறால் வரும். வெளிர் ஆரஞ்சு நிறத்தில், மெலிந்து, ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக வெள்ளையாக இருந்தால் அதுதான் நமக்கு வேண்டிய மணல் இறால். நீலச் சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்ததுபோல் ஒன்று வந்தால் அது சேற்று இறால், திரும்ப விட்டுவிடுங்கள். ஆசியாவிலிருந்து வந்த ஓர் ஒட்டுண்ணி அதன் செவுளில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கரை முழுக்க அந்த இனத்தையே தேய்த்துக்கொண்டிருக்கிறது. நாமும் சேர்ந்து தேய்க்க வேண்டாம்.

எடுத்த இறாலைக் கடல்நீரில் நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் ஒன்றோடொன்று படாமல் சுருட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள். நல்ல தண்ணீர் பட்டால் செத்துவிடும். இரையாகக் கோக்கும் முன் பெரிய கொடுக்கைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். உங்கள் விரலுக்காகத்தான் சொல்கிறேன்.

இந்தப் பிராணியின் வளை சேற்றை இளக்கிவிடும். இளகிய சேற்றில் சிப்பி புதைந்து செத்துப்போகும். வடக்கே வில்லப்பா விரிகுடாவில் சிப்பி வளர்ப்பவர்கள் அறுபதுகளிலிருந்து 2013 வரை இதைக் கொல்வதற்கென்றே கார்பரில் பூச்சிமருந்து தெளித்தார்கள். அவர்கள் பணம் கொடுத்துக் கொன்றதை நாம் பணம் கொடுத்து டப்பாவில் வாங்குகிறோம்.

மழைக்கோட்டு (சியாட்டில்) · டிசம்பர் 5

இடையில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள் வந்த மீன் சாப்பிடாது என்று படித்திருக்கிறேன். சாப்பிடாத மீனுக்கு எதற்கு இரை?

ஈரப்பாசி (ஃபோர்க்ஸ், வாஷிங்டன்) · டிசம்பர் 5

மழைக்கோட்டு, பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துவிடும். ஆற்றுக்குள் வந்தபின் அவற்றின் குடலே சுருங்கிப் போகிறது. ஸ்டீல்ஹெட் அந்தக் கணக்கில் வராது. அது கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ ட்ரௌட். முட்டையிட்ட பிறகும் சில மீன்கள் பிழைத்துக் கடலுக்குத் திரும்பி, அடுத்த முறையும் வரும். குளிர்காலத்தில் ஏறும் மீனின் வயிறு பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், ஆனால் வாய்க்கு நேராக மிதந்து வரும் சினையை அது விடாது. குஞ்சாக இருந்தபோது அதே ஆற்றில் சால்மன் முட்டையைத் தின்று வளர்ந்த மீன் அது. தண்ணீர் நான்கு பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அந்த ஆசையும் குறைந்துவிடும்; மூக்குக்கு முன்னால் மெதுவாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

புதுத்தூண்டில், உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கற்களைப் புரட்டும் யோசனையைக் கைவிடுங்கள். பக்கத்து வீட்டு முதியவர் பொய் சொல்லவில்லை. பெரிய ஸ்டோன்ஃபிளை இளம்பூச்சி நல்ல இரைதான், ஒரு காலத்தில் எல்லோரும் அதைக் கோத்ததும் உண்மைதான். ஆனால் அந்த இனத்தில் பெரிய வகை பறக்கும் பூச்சியாக வெளிவர மூன்று ஆண்டுகள்வரை தண்ணீரில் கிடக்கிறது. அதே கற்களுக்கு இடையில் ஸ்டீல்ஹெட் குஞ்சு ஓராண்டு, ஈராண்டு, சில இடங்களில் அதற்கும் மேல் ஒளிந்து வாழ்கிறது. அதன் சாப்பாடு இந்தப் பூச்சிகள்தான். சில ஆண்டுகளுக்குப் பிறகு நீங்கள் பிடிக்க வேண்டிய மீனின் தட்டிலிருந்து எடுத்து இன்றைய மீனுக்குப் போடுகிறீர்கள். மாசி, பங்குனிப் பக்கம் முட்டைக் குழிகள் வேறு இருக்கும். பாசி படிந்த கூழாங்கல் பரப்பின் நடுவே வெளுத்துப் பளிச்சென்று ஒரு வட்டம் தெரிந்தால் அதன்மேல் கால் வைக்கவே கூடாது.

தேசியப் பூங்கா எல்லைக்குள் இருந்தால் பேச்சே வேண்டாம். அங்கே இரைக்காகத் தோண்டுவதும் பதப்படுத்தாத சினையைப் பயன்படுத்துவதும் கூட்டரசு விதியிலேயே தடை.

என்னைக் கேட்டால் இறாலையும் சினையையுமே வேண்டாம் என்பேன். இயற்கை இரையை மீன் விழுங்குகிறது. செயற்கை ஈயையும், ஸ்பூன் என்கிற உலோகத் தகட்டுத் தூண்டிலையும் உதட்டில்தான் பிடிக்கிறது. திருப்பி விட வேண்டிய, ஆற்றிலேயே பிறந்த காட்டு மீன் உள்ள ஆற்றில் அந்த வித்தியாசம்தான் பெரிது.

டிலமுக் கிழவர் · டிசம்பர் 5

கற்களைப் பற்றி அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை.

மற்றதில் இருக்கிறது. வில்சனிலும் நெஸ்டக்காவிலும் டிசம்பர் முதல் ஏறும் மீனில் நல்ல பங்கு பண்ணை மீன். ஹெபோ ஊருக்கு அருகே திரீ ரிவர்ஸ் ஓடையில் சீடர் கிரீக் மீன்பண்ணை இருக்கிறது. முதுகில் கொழுப்புத் துடுப்பை வெட்டி விடப்பட்ட அந்த மீன் பிடித்து உண்பதற்காகவே வளர்க்கப்பட்டது. அது பிடிபடாமல் தப்பிக் காட்டு மீனோடு சேர்ந்து முட்டையிட்டால்தான் ஆற்றுக்குக் கேடு. எனவே பண்ணை மீன் நிறைந்த மாதத்தில் அதை ஆற்றிலிருந்து எடுக்க எது நன்றாக வேலை செய்யுமோ அதைப் போடுவதே ஆற்றுக்குச் செய்யும் நன்மை. அது சினையும் இறாலும்தான். ஈ தூண்டிலை வீசிக்கொண்டு நாள் முழுக்க நடுங்குவது ஒரு தவம். தவம் செய்ய எல்லோருக்கும் கடமை இல்லை.

ஈரப்பாசி · டிசம்பர் 6

தவம் செய்ய நான் யாரையும் கூப்பிடவில்லை ஐயா.

எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். ஹோ, போகச்சீல், சோல் டக் என்று பேர்பெற்ற ஆறுகள். எங்கள் மாநிலத்தில் காட்டு மீனை வீட்டுக்கு எடுத்துப் போக இடம் கொடுத்த கடைசி ஆறுகளில் இவையும் உண்டு. 2016-இல் அதுவும் நின்றது. அப்படியும் மீன் வரத்து குறைந்துகொண்டே போனது. 2020 டிசம்பரில் கடலோர ஆறுகளில் இரையைத் தடை செய்தார்கள். ஒற்றை முள், பின்முள் இல்லாத கொக்கி மட்டும். பல பகுதிகளில் படகிலிருந்து தூண்டில் போடுவதும் போயிற்று. 2022-இல் மார்ச் முதல் தேதியோடு பருவத்தையே மூடினார்கள். இரையை நம்பித்தான் பிடிப்போம் என்றவர்களும் ஈ தூண்டில்காரர்களும் ஒன்றாகத்தான் வீட்டில் உட்கார்ந்தோம். ஆறு மூடிக் கிடப்பதைவிட ஒரு டப்பா சினையைத் துறப்பது எளிது என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உங்கள் பண்ணை மீன் வாதத்தை ஜனவரிவரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். பிப்ரவரி பிற்பாதிக்குமேல் ஆற்றில் இருப்பது யார்? பெரிய காட்டு மீன்கள் அப்போதுதான் ஏறுகின்றன. அப்போதும் அதே சினையா?

டிலமுக் கிழவர் · டிசம்பர் 6

மார்ச் மாதத்தில் நான் ஸ்பூன் வீசுகிறேன், வண்ண நூல் கட்டுகிறேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஆனால் அதையே சட்டமாக்குங்கள் என்றால் கையெழுத்துப் போட மாட்டேன். எங்கள் ஆறுகளில் காட்டு மீனின் சினையிலிருந்தே வளர்த்த பண்ணை மீனும் அந்த மாதத்தில் துடுப்பு வெட்டுப்பட்டு ஏறுகிறது. வீல்சேரில் வந்து கரையில் ஈயக்குண்டை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு இரையைத் தவிர வேறு வழி என்ன?

ஒன்டாரியோக் கரை (ஸ்கார்பரோ) · டிசம்பர் 7

நல்ல சண்டை. எங்கள் பக்கமும் கொஞ்சம் பார்க்கட்டுமே.

எங்கள் ஏரியில் ஸ்டீல்ஹெட் வந்தேறி. பேரேரிகளில் முதலில் விடப்பட்டது 1876-இல், மிச்சிகனின் ஓ சேபிள் ஆற்றில். கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த வம்சம். இன்று கனராஸ்காவிலும் கிரெடிட்டிலும் தானாகவே குஞ்சு பொரித்துப் பெருகிவிட்டது. வந்த இடத்தில் வேர்விட்ட இனம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம். ஏனென்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே இலையுதிர் காலத்திலேயே ஆற்றுக்குள் வந்த மீன் பனிக்காலம் முழுக்க ஆழமான மடுக்களில் தங்கி, வசந்தத்தில் முட்டையிடும். திறந்திருக்கும் கீழ்ப்பகுதிகளில் நாங்கள் செய்வது சினைப் பொட்டலம். மெல்லிய வலைத்துணியில் நான்கைந்து முட்டையை வைத்து, இழுபடும் நூலால் சுற்றிக் கட்டினால் பத்துச் சத நாணயம் அளவுக்கு வரும். நீர் தெளிந்தால் இன்னும் சிறிதாகக் கட்டுவோம், கலங்கினால் பெரிதாக. உள்ளே ஒரு நுரைமணி வைத்தால் அடித்தரையில் உரசாமல் சற்று எழும்பி நிற்கும். துணியின் நிறத்தைப் பற்றி எல்லோரும் ஆளுக்கொரு வேதம் வைத்திருக்கிறார்கள். கலங்கலில் இளஞ்சிவப்பு, தெளிவில் வெள்ளை என்பதற்குமேல் நான் போவதில்லை. மெல்லிய தங்கூசி (நைலான் நரம்பு), நீண்ட கோல், தடை இல்லாமல் சுழலும் சென்டர்பின் ரீல். தக்கை நீரோட்டத்தின் வேகத்திலேயே போக வேண்டும். இழுத்துப் பிடித்தால் இரை மேலே தூக்கிவிடும்.

மண்புழுவையும் விட்டுவிடாதீர்கள். டொரொன்டோவைச் சுற்றியுள்ள வயல்களில் மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் தலைவிளக்கோடு புழு பொறுக்குவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. வட அமெரிக்கத் தூண்டில்காரர்களுக்கு இங்கிருந்துதான் ஏராளமாகப் போகிறது. நமக்குத் தேவையானது வீட்டுப் புல்தரையிலேயே கிடைக்கும். வெளிச்சத்துக்குச் சிவப்புத் தாள் ஒட்டி, காலை மெல்ல வைத்து நடந்து, தலையைப் பிடிக்காமல் வளைக்குப் பக்கத்து உடம்பைப் பிடித்து, இழுக்காமல் காத்திருந்தால் தானே பிடியை விடும். குளிர் வருவதற்கு முன் எடுத்து, ஈரக் காகிதத் துண்டில் குளிர்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். வீட்டுக்காரியின் அனுமதி மட்டும் எந்த உரிமத்திலும் சேராது. மீந்த புழுவை ஆற்றங்கரைக் காட்டில் கொட்டாதீர்கள். இந்த மண்ணில் பனிப்பாறைக் காலத்துக்குப் பின் சொந்த மண்புழு ஏறக்குறைய இருந்ததே இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்தவை மேப்பிள் காட்டின் இலைச்சருகைத் தின்று தரையை மொட்டையாக்குகின்றன.

இரவில் மைனஸ் பத்துக்குப் போனால் காலையில் ஆறு முழுக்கக் கூழ்ப்பனி ஓடும். தக்கை அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும், இரை கீழே இறங்காது. அந்த நாளில் பத்தரை மணிவரை படுத்துத் தூங்குங்கள்.

புதுத்தூண்டில் · டிசம்பர் 8

எல்லோருக்கும் நன்றி. கற்களைப் புரட்டப் போவதில்லை.

என் உறைபெட்டியில் இருக்கும் கோஹோ சினையை எதுவும் போடாமல் பையில் கட்டி அப்படியே உறையவைத்தேன். இப்போது பதப்படுத்த முடியுமா?

வெடர் கரை (சில்லிவாக், பிரிட்டிஷ் கொலம்பியா) · டிசம்பர் 8

முடியும், ஆனால் முழுச் சினைக்கொத்தாக அது கொக்கியில் நிற்காது. பதப்படுத்தாமல் உறைந்த முட்டை உருகும்போது சுவர் கிழிந்து பால் கசிந்துவிடும். ஒன்டாரியோ அண்ணன் சொன்னதுபோல் வலைத்துணியில் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் போராக்ஸ் (வெண்காரம்) பொடியில் புரட்டினால் இறுகும். ஓடையில் அந்தப் பால் கசிவதே ஒரு வகையில் மணம்தான், வீணாகாது.

அடுத்த ஆண்டுக்கு முறையைச் சொல்கிறேன். சினையின் தரம் சமையலறையில் தீர்மானமாவதில்லை, ஆற்றங்கரையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மீனை எடுத்ததும் செவுளை வெட்டி இரத்தத்தை முழுக்க வடியவிடுங்கள். சினைக்கொத்தில் ஓடும் இரத்தக் குழாயைக் கரண்டி முதுகால் வழித்து வெளியேற்றுங்கள். இரத்தம் தங்கினால் கறுத்து நாறும். அதன்பின் ஒரு சொட்டு நீர்கூடப் படக் கூடாது. ஆற்றில் அலசும் பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும்! முட்டை நீரை உறிஞ்சிக் கல்லாகி வெளுத்துவிடும். காகிதத் துண்டில் சுற்றிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

நல்ல சினை எது என்றால் கடலிலிருந்து புதிதாக வந்த மீனில் இறுக்கமாக, சவ்வை விட்டுப் பிரியாமல் இருப்பது. ஆற்றில் பல நாள் கிடந்து கறுத்த மீனின் முட்டை தனித்தனியாக உதிரும். அதைப் பொட்டலத்துக்குத்தான் பயன்படுத்தலாம். சினூக் சால்மனின் முட்டை பெரிது, கோஹோவினுடையது சிறிது. தெளிந்த நீரில் எனக்குக் கோஹோதான்.

கலவை எளிது. போராக்ஸ் இரண்டு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, அயோடின் இல்லாத உப்பு அரைப் பங்கு, நிறம் வேண்டுமானால் சிறிது சாயப்பொடி. சவ்வைத் திறந்து மடிப்புகளுக்குள் தூவுங்கள். மூடிய புட்டியில் போட்டு அவ்வப்போது புரட்டுங்கள். முதலில் சாறு வெளியே வரும். பயப்படாதீர்கள், ஒரு நாளில் பெரும்பகுதியை முட்டையே திரும்பக் குடித்துக்கொள்ளும். பிறகு வடிகட்டியில் வைத்துக் காற்றில் உலர்த்தி, தொட்டால் ஒட்டிப் பிசுபிசுக்கிற பதத்தில் ஒரு காலைக்குத் தேவையான அளவாகப் பிரித்து உறையவையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாயம் நகக்கண்ணில் ஒரு வாரம் இருக்கும், அலுவலகத்தில் கேள்வி வரும்.

ஈரப்பாசி · டிசம்பர் 9

போராக்ஸ் கலவையைச் சொன்னதற்கு நன்றி. கடையில் கிடைக்கும் பதப்பொடி வாங்குகிறவர்கள் பின்புறத்தில் சல்ஃபைட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சோடியம் சல்ஃபைட் சேர்த்துப் பதப்படுத்திய சினையைத் தின்ற சால்மன், ஸ்டீல்ஹெட் குஞ்சுகள் செத்ததை ஒரிகன் ஆய்வாளர்களே சோதித்துக் காட்டினார்கள். உங்கள் கொக்கியிலிருந்து உதிரும் முட்டைகளைப் பெரிய மீன் தின்பதில்லை. கீழே காத்திருக்கும் விரல் நீளக் குஞ்சுதான் தின்கிறது.

வெடர் கரை · டிசம்பர் 9

அக்கா சொல்வது சரி, அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் பின்னர் கலவையை மாற்றிக்கொண்டார்கள். சல்ஃபைட் போட்டால் சாறும் மணமும் கூடும் என்பது உண்மை. சினூக்குக்குப் போடுகிறவர்கள் அதை விட மனமில்லாமல் இருப்பதும் அதனால்தான். ஸ்டீல்ஹெட்டுக்கு அது தேவையில்லை.

இரையை விழுங்குவது பற்றியும் ஒரு சொல். எங்கள் மாகாணத்தில் ஆறுகள் எல்லாவற்றிலும் பின்முள் இல்லாத ஒற்றைக் கொக்கிதான். காட்டு ஸ்டீல்ஹெட்டைத் திருப்பி விட்டே ஆக வேண்டும். தக்கையில் சினை போடுகிறவன் தக்கை அமிழ்ந்த நொடியிலேயே கோலை உயர்த்திவிட்டால் கொக்கி தாடையோரத்தில்தான் ஏறும். கரையில் கோலைக் கவட்டையில் சாத்திவைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறவன் தூண்டிலில்தான் மீன் தொண்டைவரை விழுங்குகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

டிலமுக் கிழவர் · டிசம்பர் 9

காப்பி குடிக்கிறவன் நான்தான். கோலில் மணி கட்டியிருக்கிறேன், காது நன்றாகக் கேட்கிறது.

ஈரப்பாசி · டிசம்பர் 9

மணி அடிக்கும் முன் மீன் விழுங்கி முடித்திருக்கும் ஐயா. ஆனால் உங்கள் வயதுக்காரர்களுக்கு நான் தடை கேட்கவில்லை. பண்ணை மீன் ஏறும் கீழ்ப்பகுதியில் ஜனவரி முடியும்வரை கரையிலிருந்து இரை இருக்கட்டும். மேற்பகுதியை முழுக்க விட்டுவிடுங்கள். குஞ்சுகள் அடர்ந்து இருப்பது அங்கேதான்.

டிலமுக் கிழவர் · டிசம்பர் 10

மேற்பகுதிக்கு என் முழங்கால் எப்போதோ தடை போட்டுவிட்டது. தேதி போட்டுப் பூட்டுவதுதான் எனக்கு ஆகவில்லை. மழை தாமதமானால் பண்ணை மீனும் தாமதமாகத்தான் ஏறும். நாட்காட்டிக்கு மழையைத் தெரியாது. இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

மழைக்கோட்டு · டிசம்பர் 10

இறால், சினை இரண்டையும் சேர்த்துக் கோக்கிறார்களே, அது ஏன்?

டிலமுக் கிழவர் · டிசம்பர் 10

சினை பாலாகக் கசிந்து தூரத்து மீனுக்குச் சேதி அனுப்பும். இறால் வால் பக்கத்து மீனுக்குச் சதைப்பிடிப்பாகத் தெரியும். கொக்கியின் காம்பில் நரம்பால் ஒரு கண்ணி விட்டு முடிச்சுப் போடுவோம். அந்தக் கண்ணிக்குள் சினையைச் செருகி இறுக்கிவிட்டு, கீழே முள்ளில் இறால் வாலை ஏற்ற வேண்டும். வீசும்போது கையை வெடுக்கென்று உதறாதீர்கள், இரை தனியாகப் பறக்கும்.

புதுத்தூண்டில் · ஜனவரி 11

என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நண்பரைச் சேர்த்துக்கொண்டு முன்னிரவு வற்றத்தில் இறாலுக்குப் போனேன். ஐயா சொன்னதுபோலவே முதல் இழுப்பில் சேறுதான், இரண்டாவதில்தான் வந்தது. நீலச் சாம்பல் இறால் ஒன்றுகூட வரவில்லை. கடற்புல் வளர்ந்திருந்த திட்டுகளில் பம்பு வைக்காமல் வெறும் மணல் பக்கமே நின்றோம். காற்று இல்லாத இரவாக அமைந்தது அதிர்ஷ்டம்.

அடுத்து வந்த மழை ஆற்றை ஒன்பது அடிக்கு மேல் தூக்கிவிட்டது. அளவியைப் பார்த்துக்கொண்டே வீட்டில் இருந்தேன். அது ஐந்தரைக்கு இறங்கிய காலையில் போய், இறால் வாலும் சிறு சினைத்துண்டும் போட்டுத் தக்கை விட்டேன். முதலில் வந்தது துடுப்பு முழுசாக இருந்த காட்டு மீன். தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியை எடுத்தேன், தாடையோரத்தில்தான் இருந்தது. மதியத்துக்கு முன் துடுப்பு வெட்டிய பெட்டை ஒன்று கிடைத்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

இப்போது இரண்டு கேள்விகள். அதன் சினையை இரையாக்கலாமா? வாளியில் மீந்த இறாலை என்ன செய்வது?

வெடர் கரை · ஜனவரி 11

வாழ்த்துகள். ஜனவரி மீன் என்றால் சினை இன்னும் இறுக்கமாகவே இருக்கும். முட்டை கோஹோவினுடையதைவிடச் சிறிது. சிறிய கொக்கி, தெளிந்த நீர் இரண்டுக்கும் அருமையாகப் பொருந்தும். அதே கலவை, ஆனால் நேரத்தைப் பாதியாக்குங்கள், சிறிய முட்டை சீக்கிரம் இறுகிவிடும். பிடித்த ஆற்றிலேயே பயன்படுத்துங்கள். ஓர் ஆற்றின் நோயை இன்னோர் ஆற்றுக்குச் சினையில் கட்டிக் கொண்டுபோக வேண்டாம்.

ஈரப்பாசி · ஜனவரி 12

வெட்டிய துடுப்பின் இடத்தில் தழும்பு ஆறி வழவழப்பாக இருந்ததா? சில காட்டு மீன்களுக்குத் துடுப்பு பிய்ந்து பாதியாக இருக்கும். ஆறிய தழும்பு இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். அடுத்த முறை வலையில் இருக்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள்.

புதுத்தூண்டில் · ஜனவரி 12

வழவழப்பாகவே இருந்தது அக்கா, துடுப்பின் சுவடே இல்லை. படமும் எடுத்து வைத்திருக்கிறேன்.

டிலமுக் கிழவர் · ஜனவரி 12

மீந்த இறாலை ஆற்றில் கொட்டாதீர்கள். உயிரோடு இருப்பதை எடுத்த சேற்றிலேயே கொண்டுபோய் விடலாம். செத்ததை வாலை மட்டும் கிள்ளி, உப்பும் போராக்ஸும் தூவி, ஒரு நாள் வடியவிட்டு உறையவையுங்கள். உயிர் இறால் அளவுக்கு வராது, ஆனால் கடை டப்பாவைவிட மேல். பம்பின் பிஸ்டன் ரப்பரை நல்ல நீரில் கழுவித் தாவர எண்ணெய் தடவி வையுங்கள். உப்பு காய்ந்து பிடித்துக்கொண்டால் அடுத்த வற்றத்தில் உங்கள் தோள்தான் கழலும். அடுத்த நல்ல வற்றம் அமாவாசையை ஒட்டி வருகிறது. நண்பர் வராவிட்டால் சொல்லுங்கள், கரையில் விளக்குப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். சேற்றில் இறங்க மாட்டேன்.